நீலக்குறிஞ்சியும் லைக்கனும்: சிவப்புப் பட்டியலை நான் படித்த முறை

எந்த உயிரினத்துக்கு அழியும் ஆபத்து எவ்வளவு என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் (ஐயூசிஎன்) பிரித்துக் காட்டுவதுதான் சிவப்புப் பட்டியல். யுபிஎஸ்சி, டிஎன்பிஎஸ்சி எதுவானாலும், அதில் வரும் அருகிவரும் இனங்களைப் பெயர் ஒரு பக்கம், நிலை ஒரு பக்கம் என்று எழுதி மனப்பாடம் செய்வதுதான் வழக்கம். தேர்வறையில் அது நிற்பதில்லை. எனக்குக் கைகொடுத்தது வேறு வழி: சம்பந்தமே இல்லாத இரண்டு உயிரினங்களை எடுத்து, இது ஏன் இந்தப் பிரிவில் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே போவது. அப்படி எடுத்ததில் நல்ல ஜோடி நீலக்குறிஞ்சியும் லைக்கனும்.

குறிஞ்சி புதர்ச்செடி. 12 ஆண்டுக்கு ஒருமுறை கூட்டமாகப் பூத்து, விதை விட்டதும் பட்டுப்போகும். மூணாறில் 2006, 2018, அடுத்து 2030. ஐயூசிஎன் 2024-இல் இதை ‘அழிவாய்ப்பு இனம்’ (வல்னரபிள், ஆபத்துப் பிரிவுகளில் முதல் படி) என்று அறிவித்தது, அளவுகோல் ஏ2சி. இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். ‘ஏ’ என்றால் எண்ணிக்கைச் சரிவு, ‘2’ என்றால் அது கடந்த காலத்தில் நடந்தது, ‘சி’ என்றால் வாழிடம் சுருங்கியதை வைத்துக் கணித்தது. 10 ஆண்டு அல்லது மூன்று தலைமுறை, இதில் எது நீளமோ அதற்குள் 30 சதவீதமாவது குறைந்திருக்க வேண்டும். குறிஞ்சிக்கு ஒரு தலைமுறையே 12 ஆண்டு என்றால், கணக்கு 36 ஆண்டு பின்னால் போகிறது! சோலைப் புல்வெளியில் தேயிலையும் தைலமரமும் சீகை (வாட்டில்) மரமும் அந்த 36 ஆண்டுக்குள் பிடித்த இடம்கூட இன்றைய நிலையில் சேர்கிறது.

லைக்கன் பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழ்வது. 2014 யுபிஎஸ்சி முதல்நிலைத் தேர்வில் வந்த கேள்வி. சமையலுக்கு வாங்கும் கல்பாசியும் லைக்கன்தான். கையில் எடுத்துப் பாருங்கள்: மேலே சாம்பல், அடியில் கறுப்பு, வேரும் இல்லை, தண்டும் இல்லை. நீரையும் சத்தையும் பெரும்பாலும் காற்றிலிருந்தே எடுக்கிறது, கூடவே நச்சையும். கனடாவிலும் வட ஐரோப்பாவிலும் உள்ள எரியோடெர்மா பெடிசெல்லாட்டம் என்ற லைக்கன் 2003-இல் ‘மிக அருகிய இனம்’ (ஆபத்துப் பிரிவுகளில் உச்சப் படி) ஆனதற்கு மரம் வெட்டுவதோடு அமில மழையும் காரணம். இடுக்கியின் குறிஞ்சிமலை சரணாலயம் மாதிரி எல்லை போட்டுக் காத்தால் புதருக்குப் பெரிய உதவி. லைக்கனுக்கு அது மட்டும் போதாது, காற்றும் சுத்தமாக இருக்க வேண்டும். முதன்மைத் தேர்வில் நான் எழுதச் சொல்வது இந்த ஒரு வேறுபாட்டைத்தான்.

அப்புறம், லைக்கன்களில் மிகச் சிலவே மதிப்பிடப்பட்டிருக்கின்றன. ‘மதிப்பிடப்படாதது’ வேறு, ‘தீவாய்ப்பு குறைந்தது’ (மதிப்பிட்டு, ஆபத்து குறைவு என்று கண்டது) வேறு. குறிஞ்சி நம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையிலும் உண்டு. அது சட்டம், ஐயூசிஎன் பட்டியலுக்குச் சட்ட பலம் கிடையாது. கூற்று-காரணம் கேள்விகளில் இரண்டையும் கலந்து கொடுத்தால் அங்கே நிதானமாகப் படியுங்கள்.