சீட்டில் ஏறிய ‘மூலம்’

மலம் கழிக்கும்போது குடல் வெளியே இறங்குவதை 68 வயதான என் அம்மா நான்கு மாதங்களாக எவரிடமும் சொல்லாமல், ஒவ்வொரு முறையும் கையால் தாமே உள்ளே தள்ளிக்கொண்டிருந்திருக்கிறார். பாவாடையில் கறையைப் பார்த்து நான் கேட்ட பிறகே வாய் திறந்தார்.

முதலில் பார்த்த மருத்துவர், படுக்கவைத்துப் பார்த்துவிட்டு ‘மூலம்’ என்று சீட்டில் எழுதினார். படுத்தால் குடல் உள்ளே போய்விடக்கூடும், உட்காரவைத்து முக்கச் சொல்லிப் பார்த்தால்தான் தெரியும் என்பதை அன்று நாங்கள் அறியவில்லை. களிம்பிலேயே ஆறு மாதம் போயிற்று.

பிறகு ஒரு காலையில், அம்மா கூசிக் குறுகிய நிலையிலும், வெளியே வந்ததைக் கைபேசியில் படமெடுத்தேன். குடல் அறுவை நிபுணர் அதைப் பெரிதாக்கிப் பார்த்து, அடுக்கிய வளையல்களைப் போல மடிப்புகள் வட்டவட்டமாக இருப்பதைக் காட்டி, இது மூலம் அன்று, மலக்குடல் இறக்கம் என்றார். கூச்சம் பாராமல் படம் எடுத்துச் செல்லுங்கள்.

அறுவைக்கு முன் தேவைப்பட்ட கொலோனோஸ்கோப்பியும் (குழாய்க் கேமரா விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் சோதனை) மயக்கமருந்து மருத்துவரின் ஒப்புதலும் தடையின்றி முடிந்தன. காப்பீட்டில்தான் மாட்டிக்கொண்டோம். எங்கள் பாலிசிக்கு 14 மாதமே ஆகியிருந்தது. மூலத்துக்கு இரண்டு ஆண்டுக் காத்திருப்புக் காலம்; அது முடியும்வரை அந்த நோய்க்குக் காப்பீடு பணம் தராது. கோப்பில் இருந்த பழைய சீட்டைக் காட்டி, அறுவைச் செலவுக்கு முன் அனுமதி கிடையாது என்று காப்பீட்டு முகப்பில் இருந்தவர் நிமிர்ந்தும் பாராமல் திருப்பியனுப்பினார். பாலிசியின் காத்திருப்பு நோய்ப் பட்டியலில் மலக்குடல் இறக்கம் இல்லை என்பதைக் கோடிட்டு, நோயின் பெயரையும் முந்தைய கணிப்பு தவறு என்பதையும் நிபுணரிடம் எழுதி வாங்கிக் கொடுத்த நான்காம் நாள்தான் அனுமதி வந்தது. உங்கள் பாலிசியில் இதுவும் அந்தப் பட்டியலில் இருக்கலாம், முன்கூட்டியே படித்துவிடுங்கள்.

வயிற்றில் சிறு துளைகளிட்டு, மலக்குடலை மேலே இழுத்து, வலைத்துணியால் இடுப்புக்குப் பின்னுள்ள திரிக எலும்போடு பிணைத்தார்கள். முழு மயக்கம் தாங்காதவர்களுக்கு ஆசனவாய் வழியாகவே செய்யும் முறையும் உண்டு; ஆனால் அதில் மறுபடி இறங்கும் வாய்ப்பு கூடுதல் என்றார்கள்.

மூன்றாம் நாள் வீடு திரும்பினோம். மலம் இறுகாமலிருக்க லாக்டுலோஸ் கொடுத்தார்கள். முக்கவே கூடாது, ஆறு வாரம் எடை தூக்கக் கூடாது என்றும் சொன்னார்கள். பத்தாம் நாளே அம்மா தண்ணீர்க் குடத்தைத் தூக்கப் போனார். குடம் இப்போது பரணில் இருக்கிறது.