எட்டு என்று ஒட்டியிருந்தது

ஒட்டுத்தாளில் நினைவகம் (ரேம்) 8 ஜிபி. திரையில் 4.

அக்கா மகள் கல்லூரிக்காக வாங்கிய பழைய மடிக்கணினி. "மாமா, திறக்கவே பத்து நிமிடம் ஆகிறது" என்று மேலூரிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டாள்.

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினேன். கணினியின் நிலையைக் காட்டும் டாஸ்க் மேனேஜர் திறந்தது. அதில் பெர்ஃபார்மன்ஸ், அதற்குள் மெமரி, அதாவது நினைவகம். மூலையில் 4.0 ஜிபி. அதற்குக் கீழே, நினைவகத் தகடு செருகும் இரண்டு ஸ்லாட்டில் ஒன்றுதான் பயன்பாட்டில் என்றிருந்தது.

32 பிட் விண்டோஸாக இருந்தால் 4 ஜிபிக்கு மேல் எடுத்துக்கொள்ளாது. அதையும் பார்த்தேன். 64 பிட்தான்; குறை விண்டோஸில் இல்லை.

பின்மூடியைக் கழற்றினோம். ஒரு ஸ்லாட்டில் விரல் நீளத்துக்குப் பச்சைத் தகடு. பக்கத்து ஸ்லாட்டில் தூசி மட்டும்.

அக்கா முழம் முழமாக மல்லிகை கட்டிச் சேர்த்த பணம் அது. அவள் யாருக்கும் அரை விரல் குறைத்து அளந்ததில்லை. பூ வாங்குகிறவர்கள் கை நீட்டி அளந்து பார்த்துத்தான் வாங்குகிறார்கள். இதைப் பார்க்க அரை நிமிடம் போதும்; கடையிலேயே பார்க்க வேண்டும் என்று இந்தப் பிள்ளைக்கு நான்கூடச் சொல்லவில்லையே என்பதுதான் வலிக்கிறது.

நாளைக் காலை கடைக்குப் போகிறோம். ஒட்டுத்தாளைக் கிழிக்காமல் வைத்திருக்கிறாள்.