அம்மா குடித்ததே இல்லை

ஜூன் 9
விடியற்காலை நான்கு மணிக்கு அம்மா இரத்தமாக வாந்தி எடுத்தாள். "வெற்றிலைச் சாறுதான்" என்றாள். அவள் வெற்றிலையை விட்டு இரண்டு வருடம் ஆகிறது. சேரன்மகாதேவியிலிருந்து பாளையங்கோட்டை வரும் வரை கையை விடவே இல்லை.

ஜூன் 10
எண்டோஸ்கோப்பியில் உணவுக்குழாயின் அடியில் சிரைகள் புடைத்து நெளிந்திருந்தன. ஆறு ரப்பர் வளையங்கள் மாட்டிக் கட்டினார்கள். அழுத்தம் குறைய டெர்லிப்ரெசின் ஊசி. கூடவே ஆன்டிபயாட்டிக், கிருமி தொற்றினால் மறுபடி கசியுமாம். தம்பி நண்பர்களைத் திரட்டிக்கொண்டு இரத்தம் கொடுக்க வந்து நின்றான். ஹீமோகுளோபின் ஏழு, எட்டுக்கு வந்தால் போதும், அதற்குமேல் ஏற்றினால் உள்ளே அழுத்தம் கூடும் என்று டாக்டர் திருப்பி அனுப்பிவிட்டார்.

ஜூன் 12
பார்க்க வந்த பெரியப்பா என்னைத் தனியே அழைத்து, "உன் அம்மாவுக்குக் குடிப்பழக்கம் உண்டா?" என்று கேட்டார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இருபது வருடச் சர்க்கரை, ஈரலில் படிந்த கொழுப்பு, அதனால் ஈரல் சுருக்கம். மஞ்சள் காமாலைக் கிருமிகளான பி, சி வகைகளாலும் வரும். ஈரல் நன்றாக இருந்தும், குடலிலிருந்து ஈரலுக்குப் போகும் போர்ட்டல் சிரை அடைத்துக்கொண்டால் இப்படிச் சிரைகள் புடைக்கும். கன்னடியன் கால்வாயில் மடையை அடைத்தால் தண்ணீர் சின்ன வாய்க்கால்களில் ஏறிக் கரையை உடைக்கும் அல்லவா? குடலிலிருந்து ஈரலுக்குப் போகும் இரத்தமும் அப்படித்தான் வழி தேடியிருக்கிறது. பெரியப்பா தலையாட்டினார். நம்பினாரா, தெரியவில்லை.

வாந்திக்கு முன்பே இரண்டு வாரமாக அம்மாவுக்கு மலம் தார்போலக் கறுத்துப் போனது. இரும்புச்சத்து மாத்திரையால்தான் என்று ஊரில் ஒரு டாக்டர் சொன்னதை நாங்களும் ஏற்றுக்கொண்டோம். அது உள்ளே கசிந்த இரத்தம். அன்றே இங்கே வந்திருக்க வேண்டும்.

ஜூன் 15
வீடு திரும்பினோம். வளையம் விழுந்த இடத்தில் புண் இருக்கும் என்பதால் குழைந்த சோறுதான். மூட்டுவலி மாத்திரைகளைக் குப்பையில் போட்டேன். உப்பைக் குறைக்கச் சொன்னார்கள்; கல்லிடைக்குறிச்சி அப்பளப் பொட்டலத்தை அம்மாவே எடுத்து அடுத்த வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டாள். அதைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்கவில்லை.

சிரைகளில் அழுத்தம் குறைய புரோப்ரானலால் மாத்திரை தினமும் இரண்டு வேளை. சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பை இது மறைத்துவிடும் என்று எச்சரித்தார்கள். இரவில் எழுந்து சர்க்கரை பார்க்கிறேன்.

ஜூலை 6
இரண்டாம் முறை மூன்று வளையங்கள். சிரைகள் முழுவதும் சுருங்கும் வரை வர வேண்டும். சாரலில் நனைந்துகொண்டே பஸ் ஏறினோம். நாடி நிமிடத்துக்கு 58. புரோப்ரானலால் சாப்பிடும்போது ஐம்பத்தைந்துக்கும் அறுபதுக்கும் நடுவில்தான் இருக்க வேண்டும். அம்மா என் தோளில் தூங்கிவிட்டாள்.