27 எச்.பி. மினி டிராக்டருக்கு ஸ்லாஷர்: தென்னந்தோப்பில் போட்டுப் பார்த்தது

டிராக்டரின் பின்னால் மாட்டிப் புல் வெட்டுகிற ஸ்லாஷர் வாங்கப் போனால் கடையில் முதல் கேள்வி, "எத்தனை அடிங்க வேணும்?" அடுத்தது, "மானியத்துலங்களா, ரொக்கங்களா?" இரண்டுக்கும் பதில் சொன்னால் வண்டியில் ஏற்றிவிடுவார்கள். தரையில் என்ன கிடக்கிறது, டிராக்டரில் என்ன கிளட்ச் என்று யாரும் கேட்பதில்லை. எனக்குக் கருவியைத் தீர்மானித்தவை அந்த இரண்டும்தான். அடிக்கணக்கு, அதாவது வெட்டும் அகலம், கடைசியில் தானாக வந்து நின்றது.

பொள்ளாச்சிக்குத் தெற்கே ஆனைமலைப் பக்கம் தோப்பு. 25 அடிக்கு 25 அடி, ஏக்கருக்கு 70 மரம் என்கிற வழக்கமான கணக்கு. இங்கே ஆடி மழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. புல்லுக்கு வருடத்தில் இரண்டு தடவை கொண்டாட்டம். டிராக்டர் பழசாக வாங்கிய 27 எச்.பி. மினி, நான்கு சக்கரமும் இழுக்கும். வேலை நாளில் நான் ஊரில் இருப்பதில்லை, ஆகவே சனி ஞாயிறில் முடிகிற வேலையாக இருக்க வேண்டும்.

உழவை நிறுத்தலாம் என்று வீட்டில் பேசி முடிவெடுத்த பிறகுதான் இந்தத் தேடல். தென்னைக்கு ஆணிவேர் கிடையாது. சத்தை இழுக்கிற வேர்களில் பெரும்பகுதி மரத்தைச் சுற்றி ஆறேழு அடிக்குள்தான் இருக்கிறது. நடுவில் மட்டும் உழுதால் பரவாயில்லை, ஆனால் வாடகை டிராக்டர்க்காரர் மரத்தை உரசிக்கொண்டு போனால்தான் "சுத்தமா ஓட்டிருக்கறேன்" என்பார். சுழல் கலப்பையான ரோட்டவேட்டர் விட்டால் இன்னொரு தொல்லை. கோரைக்கிழங்கைத் துண்டு போட்டுப் பரப்பிவிடும். பத்து நாள் தோப்பு துடைத்துவிட்ட மாதிரி இருக்கும், ஒரு மழை பெய்ததும் முன்னைவிட அடர்த்தியாக வந்து நிற்கும். புல்லை வெட்டி அங்கேயே போட்டால் அது மூடாக்கு. மண் ஈரம் நிற்கும், வெயில் நேராகத் தரையில் விழாது.

தோளில் மாட்டுகிற பிரஷ் கட்டர் எங்களிடம் முன்பே உண்டு. பாத்திக்குள்ளும் வாய்க்கால் ஓரத்திலும் அதுதான் சரி. ஆனால் ஏக்கர் கணக்கில் அதைச் சுமந்தால் மறுநாள் கை தூக்க முடியாது.

ஸ்லாஷர், மல்ச்சர் இரண்டையும் ஒன்றாக நினைக்கிறவர்கள் எங்கள் பக்கம் நிறைய. இரண்டுக்கும் வேலை வேறு. ஸ்லாஷரில் கியர்பாக்ஸிலிருந்து ஒரு தண்டு கீழ்நோக்கி இறங்கும். அதன் அடியில் இரண்டு அல்லது மூன்று பிளேடுகள் தரைக்குப் படுக்கையாகச் சுற்றும். மல்ச்சரில் உருளை குறுக்கே கிடக்கும், அதில் வரிசையாகச் சுத்தியல்களோ ஒய் வடிவக் கத்திகளோ தொங்கும். மட்டையைத் தூளாக்குவது மல்ச்சர். அதற்கு ஏற்ற பலமும் கேட்கும். தென்னை மட்டைக்கென்று வருகிறவை 40, 45 எச்.பி. டிராக்டருக்கானவை. என் 27 அதற்குப் போதாது.

பக்கத்துத் தோப்பில் ஒருவர் 5 அடி ஸ்லாஷர் வைத்திருக்கிறார். அது ஓடும்போது கூடவே நடந்து பார்த்தேன். புல், பார்த்தீனியம், கட்டைவிரல் தடிமனில் நின்ற சீமைக் கருவேலங்கன்று எல்லாம் சத்தமே மாறாமல் போயின. மட்டை மேல் ஏறியதும் கதை மாறியது. ஓலைப் பக்கம் சரசரவென்று நறுங்கியது. தடித்த அடிப்பகுதி மட்டும் வெட்டுப்படாமல் உள்ளே சுழன்று மேல்தகட்டில் டங் டங்கென்று அடித்தது. நிறுத்தித் தூக்கிப் பார்த்தபோது, பன்னாடை நார் தண்டில் கயிறாகச் சுற்றி ஆயில் சீல் வரைக்கும் ஏறியிருந்தது. கத்தியால் அறுத்தெடுத்தோம், நார் தொட முடியாத சூடு. இப்படியே நாலு நாள் விட்டால் சீல் போகும், ஆயில் ஒழுகும், கியர்பாக்ஸ் காயும்.

"மட்டையை இதுலயே உட்டுக்கலாங்களாண்ணா?" என்று கேட்டேன்.

"உடலாந்தம்பி. ஆனாப் பொறுக்கிப் போட்டுட்டு ஓட்டுனா நிம்மதியாத் தூங்கலாம்" என்றார்.

சரி, ஸ்லாஷர் புல்லுக்கு, மட்டை தனி வேலை என்று அங்கேயே முடிவாயிற்று. ஒரு மரம் வருடத்துக்குப் பன்னிரண்டு மட்டையாவது கழிக்கும், ஏக்கருக்கு எண்ணூறுக்கு மேல். அதை வரிசை ஓரமாகக் குவித்து வைத்து, வேளாண்மைப் பொறியியல் துறையிடமோ தனியாரிடமோ துகளாக்கும் கருவியை வாடகைக்கு எடுத்து ஒரே மூச்சில் முடித்துக்கொள்ளலாம்.

அப்புறம் கிளட்ச். என்னுடையது சிங்கிள் கிளட்ச் வண்டி. மிதித்தால் சக்கரத்துக்குப் போகிற சக்தியும் பிடிஓவுக்கு, அதாவது பின்னால் மாட்டிய கருவியைச் சுற்றவைக்கும் தண்டுக்கு, போகிற சக்தியும் ஒன்றாக நிற்கும். உழவுக்கோ டிரெய்லருக்கோ இது ஒரு பொருட்டே இல்லை. ஸ்லாஷருக்கு இதுதான் பெரிய விஷயம். கனமான பிளேடு ஒரு தடவை வேகம் எடுத்தால் சட்டென்று நிற்காது. நாம் கிளட்சை மிதித்த பிறகும் அது சுற்றிக்கொண்டே இருக்கும். அந்தச் சுற்று பிடிஓ வழியாகக் கியருக்குள் திரும்பி வந்து சக்கரத்தைத் தள்ளும். பக்கத்துத் தோப்பு அண்ணனின் ஸ்லாஷரை என் வண்டியில் மாட்டி, காலி இடத்தில் மெதுவாக ஓட்டி, கிளட்சை மிதித்துப் பார்த்தோம். வண்டி நிற்காமல் இன்னும் ஒரு வண்டி நீளம் போனது. எதிரே மரமோ ஆளோ இருந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. டபுள் கிளட்ச் வண்டிக்காரர்களுக்கு, பிடிஓ தனியாக இயங்குவதால், இந்தத் தொல்லை இல்லை.

இதற்கு ஓவர் ரன்னிங் கிளட்ச் என்று ஒன்று இருக்கிறது. சைக்கிள் ஃப்ரீவீல் மாதிரிதான்: டிராக்டர் பிளேடைச் சுற்றலாம், பிளேடு டிராக்டரைச் சுற்ற முடியாது. பிடிஓ தண்டின் மேல் செருகிப் பூட்ட வேண்டும். ஸ்லாஷரை டிராக்டரோடு இணைக்க அதோடு வருகிற பிடிஓ ஷாஃப்டிலேயே இது சேர்ந்திருந்தால் நல்லது. தனியாகப் போட்டால் சில அங்குலம் நீளம் கூடும், அந்த அளவுக்கு ஷாஃப்டைக் குறைக்க வேண்டும். நான் கேட்ட கடைகளில் பாதிப் பேர் "அதெல்லாம் எதுக்குங்க, கிளட்ச்சோட சேத்தி நியூட்ரல் பண்ணுங்க" என்றார்கள். அவசரத்தில் எந்தக் கால் எந்தக் கை முந்தும் என்று அவர்கள் வந்து பார்க்கப்போவதில்லை.

இப்போது அடிக்கணக்கு. எஞ்சின் 27 என்றால் பிடிஓவில் கிடைப்பது 23 வாக்கில். சாதாரணப் புல்லுக்கு அடிக்கு 5 பிடிஓ எச்.பி. என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. அப்படியானால் நாலரை அடி வரை போகலாம், மழைக்குப் பின் இடுப்பளவு நிற்கும் ஈரப்புல்லை நினைத்தால் 4 அடியோடு நிற்பது நல்லது. என் வண்டியின் பின்சக்கரத் தடமும் 4 அடி அகலத்துக்குள் அடங்குகிறது, ஆகவே சக்கரம் மிதித்த புல் வெட்டுப்படாமல் கோடாக நிற்காது.

தோப்பில் இன்னொரு அளவும் உண்டு. மரத்துக்கு மரம் 25 அடி. இரண்டு பக்கமும் பாத்திக்கு ஆறாறு அடி விட்டால் நடுவில் 13 அடி. 4 அடி ஸ்லாஷரில், முந்தின நடை மேல் அரை அடி ஏறும்படி ஓட்டினால் நாலு நடை, 5 அடியில் மூன்று நடை. மிச்சமாவது ஒரு நடைதான். அதற்காக வண்டியை முக்க வைப்பதில் எனக்கு விருப்பமில்லை.

மானியம் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் சிறு, குறு விவசாயிகளுக்கும் பெண்களுக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும் 50 சதவீதம், மற்றவர்களுக்கு 40 சதவீதம், உச்சவரம்புக்கு உட்பட்டு. தமிழக அரசின் உழவன் செயலியில் பதியலாம். ஆனால் பட்டியலில் இருக்கிற நிறுவனம், மாடல் மட்டும்தான். உள்ளூர்ப் பட்டறையில் செய்கிறதற்குக் கிடையாது. பட்டறைச் சாமான் மோசம் என்று சொல்லமாட்டேன். தகடு கம்பெனிக்காரர்களைவிடக் கனமாகப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அங்கே பார்க்க வேண்டியது கியர்பாக்ஸ் ஸ்லாஷருக்கென்றே வந்ததா, எதிலிருந்தாவது கழற்றிப் போட்டதா என்பது.

பழைய ஸ்லாஷர்களும் பார்த்தேன். பெயின்ட் புதுசாக இருந்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும். பிளேடு முனையைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினால் தண்டில் ஆட்டம் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். பிளேடு தன் போல்ட்டில் தளர்வாகச் சுற்றத்தான் வேண்டும், கல்லில் பட்டால் மடங்கிப் பின்னுக்குப் போவதற்காக. ஆனால் தண்டு ஆடக் கூடாது. போல்ட் ஓட்டை முட்டை வடிவத்துக்கு வந்திருந்தால் நடையைக் கட்டலாம். ஒரு இடத்தில் இரண்டு பிளேடும் இரண்டு நீளம். அதை ஓட்டியவருக்கு அதிர்வில் முதுகுவலி இருந்திருக்கும்.

கடைசியில் புதுசே எடுத்தேன், 4 அடி, கியர்பாக்ஸ் வகை. பிளேடு மாட்டுகிற இடத்தில் வெறும் பட்டைக்குப் பதில் கவிழ்த்த சட்டி வடிவத் தகடு இருப்பதைத் தேடி எடுத்தேன். காரணம் கட்டைகள். வேர் வாடல் வந்த மரங்களை வெட்டியபின் தரையோடு தரையாகக் கட்டை நிற்கிறது, புல்லில் மறைந்துவிடும். பட்டை என்றால் நேராக மோதும், சட்டி என்றால் கட்டையின் மேல் வழுக்கி ஏறி இறங்கும்.

மாட்டும்போது முதல் வேலை லேத்தில். டிராக்டரில் கருவியைத் தாங்கும் கைகளான கீழ் லிங்க்கை மேலே தூக்கி, கீழே இறக்கி, எந்த நிலையில் பிடிஓவுக்கும் கியர்பாக்ஸுக்கும் தூரம் மிகக் குறைவு என்று பார்த்து, அந்த இடத்தில் ஷாஃப்ட் முட்டாமல் ஓர் அங்குலமாவது இடைவெளி விட்டு, இரண்டு குழாயையும் பிளாஸ்டிக் உறையையும் ஒரே அளவு வெட்டினோம். நீட்டிய நிலையில் மூன்றில் ஒரு பங்காவது ஒன்றுக்குள் ஒன்று இருக்க வேண்டும். பிசிறை ராவிவிட்டு கிரீஸ். கியர்பாக்ஸில் 90 நம்பர் ஆயில் இருக்கிறதா என்று திறந்து பார்த்துவிடுங்கள். எனக்கு வந்தது பாதியளவுதான்.

ஓட்டத்தில் முதலில் சரிசெய்தது சாய்வு. முன்பக்கம் பின்பக்கத்தைவிட ஓர் அங்குலம் தாழ்ந்திருந்தால் புல் ஒரே வெட்டில் போகிறது, எஞ்சினும் முனகுவதில்லை. சமமாக வைத்தபோது வெட்டிய புல்லையே மறுபடி அரைத்துக்கொண்டிருந்தது. உயரம் நாலு அங்குலம். அதற்குக் கீழே இறக்கினால் மண்ணைச் சீவும், பிளேடு முனை போகும். பிடிஓவை எஞ்சின் மெதுவாக ஓடும்போது போட்டு, அப்புறம் நிமிடத்துக்கு 540 சுற்றுக்கு ஏற்ற வேண்டும். லோ கியரில் நடைவேகம். திரும்பும் நேரமெல்லாம் சேர்த்து மணிக்கு முக்கால் ஏக்கர் ஓடுகிறது, டீசல் இரண்டரை லிட்டர் வாக்கில்.

புல்லுக்குள் புதைந்திருந்த பழைய எல்லைக்கல்லில் ஒரு தடவை பட்டது. டப் என்று ஒரு சத்தம், எஞ்சின் ஓடுகிறது, பிளேடு ஓடவில்லை. ஷியர் போல்ட் உடைந்திருந்தது, கியர்பாக்ஸுக்கு ஒன்றும் இல்லை. அதன் வேலையே அதுதான். டவுனில் "8.8 போடுங்க, உடையவே உடையாது" என்று கெட்டி போல்ட்டை நீட்டினார்கள். உடையாத போல்ட் போட்டால் அடுத்த கல்லில் உடைவது கியர். கையேட்டில் சொன்ன மெது போல்ட்டையே வாங்கி, டூல் பாக்ஸில் ஒரு பொட்டலம் வைத்திருக்கிறேன்.

இன்னொன்று. 540 உள்ளே போய் ஆயிரம் சுற்றாக வெளியே வந்தால், 4 அடி வட்டத்தில் பிளேடு முனை மணிக்கு 220 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. சிரட்டைத் துண்டு ஒன்று பறந்து பம்ப் ரூம் தகரக் கதவில் பள்ளம் போட்டிருக்கிறது. ஸ்லாஷர் ஓடும்போது தேங்காய் பொறுக்க ஆள் விடுவதில்லை, நாயும் கட்டித்தான் இருக்கும்.

சொட்டுநீர்க் குழாய்தான் நிஜமான தலைவலி. தரையில் கிடக்கும் லேட்டரலைப் பிளேடு காற்றிலேயே உறிஞ்சித் தூக்கிச் சுற்றிக்கொள்கிறது. இப்போது நடைபாதையைக் குறுக்கே கடக்கும் இடங்களில் மட்டும் அரை அடி ஆழத்தில் புதைத்துவிட்டோம். மற்றவை பாத்தி ஓரமாகவே போகின்றன.

ஆடி மழைக்கு அப்புறம் பார்த்ததில் பார்த்தீனியம் நன்றாகவே குறைந்திருக்கிறது, பூக்கும் முன்னால் வெட்டிய வரிசைகளில் மட்டும். பூத்தபின் வெட்டிய மேற்குப் பக்கத்தில் விதை விழுந்து மறுபடி பச்சைப் பாய். அந்தப் பக்கம் ஓட்டும்போது முகத்துக்குத் துணியும் முழுக்கைச் சட்டையும் வேண்டும், அரிப்பு லேசில் விடாது. கோரை அப்படியே இருக்கிறது; வெட்டினால் கிழங்கு சாகாது. அருகு பரவுகிறது, அதை நான் களையாகவே நினைக்கவில்லை, மாடு மேயட்டும்.

பாக்கி வேலை: பின்பக்கத்துக்குச் சங்கிலித் தடுப்பு, பட்டறையில் சொல்லியாயிற்று. பிளேடுகளைக் கழற்றி, இரண்டையும் தராசில் ஒரே எடைக்கு வைத்துச் சாணை பிடிக்க வேண்டும். சவரக்கத்திக் கூர்மை வேண்டாம், முனை சற்று மொட்டையாகவே இருக்கலாம். ஐப்பசிக்கு முன்னால் மேற்குப் பக்கத்தை ஒரு தடவை ஓட்டிவிட்டால் போதும்.