உணர்ச்சி மங்கிய பாதத்துக்கு ஒரு அழுத்த உணரி

அப்பாவுக்குச் சர்க்கரை வந்து பல வருஷம் ஆகிறது. உள்ளங்காலில் உணர்ச்சி மங்கிவிட்டது. செருப்புக்குள் கல் கிடந்தாலும் அவருக்குத் தெரியாது. வலது பெருவிரலின் அடிப்பக்கம் காய்ப்பு ஏறிக்கொண்டே போனது. நடக்கும்போது எடை எங்கே விழுகிறது என்று பார்த்தே ஆக வேண்டும் என்றுதான் வெலோஸ்டாட்டைத் தேடிப் போனேன்.

கார்பன் கலந்த பாலித்தீன் தாள் அது. பார்க்க கறுப்புக் குப்பைப் பை மாதிரி இருக்கும், கனம் 0.1 மில்லிமீட்டர் அளவு. ஐசி (சிப்) போன்ற மின்னணுப் பாகங்களை நிலைமின்சாரத்திலிருந்து காப்பாற்றத்தான் இதைச் செய்தார்கள். அழுத்தினால் மின்தடை குறையும் என்பது நமக்குக் கிடைத்த லாபம். பாகங்கள் சுற்றி வரும் ரோஸ் நிறப் பையும் வெள்ளிப் பையும் இதற்கு உதவாது.

வேலூர்க்காரர்களுக்குப் பாதத்தின் அருமை புதிதல்ல. 1946-ல் இங்குள்ள சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் காலில் புண் வருவதற்குக் காரணம் வலி தெரியாத இடத்தில் திரும்பத் திரும்ப விழும் அழுத்தம்தான் என்று எடுத்துக் காட்டினார். வேலூர் பக்கத்தில் இருக்கும் கரிகிரி தொழுநோய் மருத்துவமனையும் அந்த வழியில்தான் பெயர் பெற்றது. சர்க்கரைக்காரர்களுக்கு இன்று எழுதித் தரும் எம்.சி.ஆர். (நுண்துளைகள் கொண்ட மெத்தென்ற ரப்பர்) செருப்பின் பின்னால் இருப்பதும் அதே எண்ணம்தான். என் வேலை அதன் ஓரத்தில் ஒட்டிய சின்னத் துணுக்கு.

செய்முறை எளிது. இரண்டு செம்பு டேப் துண்டுகள், நடுவில் வெலோஸ்டாட். கறுப்புத் தாளை எல்லாப் பக்கமும் செம்பைவிடச் சில மில்லிமீட்டர் பெரிதாக வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஓரத்தில் செம்பும் செம்பும் தொட்டு ஷார்ட் ஆகிவிடும். ஒயரை முதலில் செம்பில் பற்றவைத்துவிட்டு, சூடு ஆறிய பிறகுதான் தாளை வைக்க வேண்டும். பாலித்தீன் உடனே உருகும். அலுமினியத் தாளில் ஈயம் ஒட்டாது, அதனால் செம்புதான் நல்லது.

ஒட்டும் வேலைக்கு ஆம்பூர் ஷூ கம்பெனியில் இருக்கும் மாமாவிடம் போனேன். தாளை விரலால் தேய்த்துப் பார்த்தார். "இது பாலித்தீன்டா, சொல்யூஷன் நிக்காது. தோலுன்னு நெனச்சுக்காத. ஓரத்துல மட்டும் டேப்பு போடு. தையல் போட்டுடாத, ஊசி மேல் செம்பையும் கீழ் செம்பையும் சேத்துடும்." அப்படியே செய்தோம். ஒரு மூலையை மட்டும் ஒட்டாமல் விட்டேன். உள்ளே காற்று அடைபட்டால் அழுத்தத்தை எடுத்த பிறகும் உணரி சட்டென்று பழைய நிலைக்கு வராது.

குதிகால், பெருவிரல் அடி, சுண்டுவிரல் அடி, பெருவிரல் நுனி என்று நாலு இடம். ஆர்டுயினோ ஊனோ என்ற சின்ன மின்னணுப் பலகையில், மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றித் தரும் அனலாக் உள்ளீடு ஆறு இருப்பதால் தாராளம். உணரியின் ஒரு முனை 5 வோல்ட்டுக்கு, மறுமுனை அனலாக் பின்னுக்கு, அங்கிருந்து ஒரு ரெசிஸ்டர் கிரவுண்டுக்கு. விரலால் அழுத்திப் பார்க்க 10 கிலோ ஓம் போதும். ஆள் ஏறி நின்றால் திரையில் வரும் எண் உச்சமான 1023-ஐ ஒட்டிப் போய் நின்றுவிடுகிறது. 1 கிலோ ஓம் போட்டதும் எண்கள் பிரிந்து தெரிந்தன.

இதைத் தராசாக நினைக்கவே கூடாது. மளிகைக்கடை எடைக்கல்லை வைத்துவிட்டுத் திரையைப் பாருங்கள்: கல் அசையாமல் இருக்கும், எண் மெல்ல ஏறிக்கொண்டே போகும். ஏற்றும்போது வரும் எண் ஒன்று, இறக்கும்போது அதே எடைக்கு வருவது வேறு. நம் ஊர் வெயிலில் செருப்புக்குள் சூடும் வியர்வையும் சேர்ந்தால் இன்னும் மாறும். அதனால் கிலோவில் ஒரு அளவுகூட நான் குறித்துவைக்கவில்லை. ஒரே செருப்பு, ஒரே நேரம், ஒரே நடை; இந்த இடத்தைவிட அந்த இடம் எவ்வளவு அதிகம் என்பதை மட்டும் பார்த்தேன்.

அது போதுமானதாக இருந்தது. பெருவிரல் அடியில் எண் மற்ற மூன்றையும் விட நன்றாக எகிறி நின்றது, காய்ப்பு இருந்த அதே இடம். அந்த எண்களை வரைபடக் கோடுகளாக்கி அச்செடுத்து அப்பாவைப் பார்க்கும் மருத்துவரிடம் காட்டினேன். அவர் சொன்னபடி செருப்பு செய்பவர் அந்த மேட்டுக்குச் சற்றுப் பின்னால் ஒரு ரப்பர் திட்டு வைத்துக் கொடுத்தார். மறுபடி அதே உணரிகளோடு அப்பாவை நடக்கச் சொன்னபோது பெருவிரல் அடியின் கோடு இறங்கியிருந்தது, எடை பின்னால் போயிருந்தது. எனக்கு இதில் கிடைத்த சந்தோஷம் கொஞ்சமல்ல.

செய்ய நினைப்பவர்களுக்கு ஒன்று. புண் இருக்கும் காலில் இதை வைக்காதீர்கள். செம்பின் ஓரமும் ஒயர் முடிச்சும் உறுத்தும், உணர்ச்சியில்லாதவருக்கு அது தெரியாது. மேலே மெல்லிய எம்.சி.ஆர். ஷீட் போட்டு, சில நிமிடம் மட்டும் நடக்கவிட்டு, உடனே கழற்றிவிடுங்கள். கழற்றியதும் உள்ளங்காலைப் பாருங்கள். எங்காவது சிவந்திருந்தால் அன்றைக்கு அளவு எடுப்பதை நிறுத்திவிட வேண்டும்.