இத்தாலியன் பிகினர்ஸ்: தகுதிக் கோப்பு எங்கே சிக்கும்?

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் எச்.எஸ்.சி. என்ற பள்ளியிறுதித் தேர்வுக்கு, மொழியைப் புதிதாகத் தொடங்குவோருக்கான இத்தாலியன் பிகினர்ஸ் பாடத்தைக் கேட்ட பிள்ளைகளின் தகுதிக் கோப்புகள் ஒருவழியாக முடிந்தன. எரிச்சல் மட்டும் இன்னும் அடங்கவில்லை. அந்தத் தேர்வை நடத்தும் மாநில அமைப்பான நெசாவின் விதி நாலு வரிக்குள் அடங்கிவிடும். அதைச் சரிபார்க்கத் தேவையான காகிதம்தான் கேட்ட இடத்தில் எல்லாம் கிடைப்பதில்லை.

விதி தெரிந்ததுதான். 7 முதல் 10 வரையிலான வகுப்புகளில் அந்த மொழியை 100 மணி நேரத்துக்கு மேல் முறையாகப் படித்திருக்கக் கூடாது. மொழி அறவே தெரியாமலோ கொஞ்சமே தெரிந்தோ இருக்க வேண்டும். மாணவர் பரிமாற்றத்தில் அந்த நாட்டுக்குப் போய், வீட்டில் தங்கிப் பள்ளிக்கும் சென்றிருந்தால் மூன்று மாதத்தைத் தாண்டியிருக்கக் கூடாது. முதல் முடிவு பள்ளி முதல்வருடையது.

முதல் சிக்கல் 100 மணி நேரம். கட்டாய மொழிப் பாடம் என்று பெரும்பாலும் 7 அல்லது 8ஆம் வகுப்பில் எல்லாரும் ஏதோ ஒரு மொழியைப் படிக்கிறார்கள். வாரம் மூன்று பீரியட், பீரியடுக்கு 50 நிமிடம், 40 வாரம் என்றால் கணக்கு சரியாக 100 மணி. அந்தப் பிள்ளைக்குத் தடை இல்லை. ஆனால் சில பள்ளிகள் வாரத்துக்கு இரண்டு மணி நேரமாக 7, 8 இரண்டு வகுப்பிலும் நடத்துகின்றன. ஆண்டுக்கு 80, இரண்டு ஆண்டுக்கு 160. பிள்ளைக்கு "புவோன்ஜோர்னோ" என்ற வணக்கத்துக்கு மேல் ஒன்றும் வராது என்பது வேறு விஷயம். தாளில் அது 160தான்.

இதிலும் மோசம், பள்ளி மாறி வந்த பிள்ளைகள். பழைய ரிப்போர்ட்டில் "மொழிகள்: பி" என்று மட்டும் இருக்கும். எந்த மொழி, எத்தனை மணி நேரம் என்று ஒரு சொல் இருக்காது. பழைய பள்ளி அலுவலகத்துக்கு எழுதினால் அதே ரிப்போர்ட்டின் நகலை மறுபடி அனுப்புவார்கள். "படித்த விவரம் தாருங்கள்" என்று பொதுவாகக் கேட்டதன் பலன் அது. மொழியின் பெயர், எந்த ஆண்டு, வாரத்துக்கு எத்தனை பீரியட், பீரியடின் நிமிடம், எத்தனை டெர்ம் என்ற ஐந்தையும் கேள்வியாக எழுதி, எதிரே இடம் விட்டு, மொழித்துறைத் தலைவர் பெயருக்கு அனுப்பினால் நிரப்பிக் கையெழுத்திட்டுத் தருகிறார்கள். 10ஆம் வகுப்பில் பாடத் தேர்வு தொடங்கும்போதே அனுப்பிவிடுங்கள். டிசம்பர் விடுமுறை தொடங்கிவிட்டால் ஜனவரி கடைசி வரை யாரும் தொலைபேசியை எடுக்க மாட்டார்கள்.

சனிக்கிழமை இத்தாலிய வகுப்புக்குப் போனதைச் சொல்லாமல் விடுகிற பெற்றோரும் உண்டு. அதையும் எழுதத்தான் வேண்டும். பின்னால் தெரியவந்தால் பிள்ளை பாதி வழியில் பாடத்தை இழக்கும்.

அடுத்தது பயணம். கோடை விடுமுறையில் ஆறேழு வாரப் பரிமாற்றம் போனவர்களுக்குத் தொல்லை இல்லை. அரையாண்டு போனவர் பிகினர்ஸை மறந்துவிடலாம். தகராறு வருவது இரட்டைக் குடியுரிமைப் பிள்ளைகளிடம். எவ்வளவு நாள் இருந்தாய் என்றால் ஆளுக்கொரு கணக்கு. கடவுச்சீட்டைப் பார்க்கலாம் என்றால், இத்தாலியக் கடவுச்சீட்டில் இத்தாலிக்குள் நுழைபவருக்கு முத்திரையே விழாது. ஆஸ்திரேலிய உள்துறையிடம் நாட்டை விட்டுப் போனது, திரும்பியது பற்றிய பயணப் பதிவைக் கேட்டு வாங்கலாம். அது கைக்கு வர நாளாகும். விமானச் சீட்டு மின்னஞ்சலில் கிடந்தால் அதைத் தேடி எடுப்பது சுலபம். பாட்டியைப் பார்க்க ஒரு மாதம் போனது பரிமாற்றம் ஆகாது. ஆனாலும் தேதியோடு குறிப்பில் எழுதிவையுங்கள்.

மூன்றாவதுதான் உண்மையான வயிற்றெரிச்சல்: வீட்டு மொழி. சிட்னியில் லைக்கார்ட், ஹேபர்ஃபீல்ட், ஃபைவ் டாக் பக்கம் மூன்றாம் தலைமுறைப் பிள்ளைகள் நிறைய. பள்ளியில் சேர்த்தபோது வீட்டு மொழி என்ற கட்டத்தில் அம்மா பெருமையோடு "இத்தாலியன்" என்று எழுதியிருப்பார். பத்து வருடம் கழித்து அந்த ஒரு சொல்லைக் கணினியில் பார்த்துவிட்டு, குடும்பப் பெயரும் ஓ, இ என்று முடிவதால், "இவனுக்கு பிகினர்ஸ் கிடையாது" என்று அலுவலகமே தீர்ப்பு எழுதிவிடுகிறது. வீட்டில் நடப்பது என்ன? பாட்டி பேசுவது தென் இத்தாலியின் கலாப்ரியா கிராமத்துப் பேச்சு. அப்பாவுக்குப் பாதி புரியும். பேரன் ஆங்கிலத்தில் பதில் சொல்வான். பொது இத்தாலியனில் ஒரு பத்தி எழுதச் சொன்னால் பேனா நகராது. இவனை, மொழியை முன்பே படித்தவர்களுக்கான கன்டினியூவர்ஸ் பாடத்தில் தள்ளினால் இருநூறு, முந்நூறு மணி நேரம் படித்தவர்களோடு மோத வேண்டும்.

இங்கே "வீட்டில் இத்தாலியன் பேசுவதில்லை" என்று ஒற்றை வரியில் மறுத்து எழுதினால் வேலைக்காகாது. சேர்க்கைப் படிவம் எதிர்சாட்சியாக வந்து நிற்கும். யார் பேசுகிறார்கள், எந்த ஊர்ப் பேச்சு, வாரத்தில் எத்தனை முறை, பிள்ளை எந்த மொழியில் பதில் சொல்கிறது, வாசிக்கவும் எழுதவும் வருமா என்று பிரித்து எழுதுங்கள். கூடவே இத்தாலியன் ஆசிரியரை வைத்துப் பத்து நிமிடம் பேச்சு, ஒரு சிறு வாசிப்பு, நாலு வரி எழுத்து என்று சோதித்து, அந்தத் தாளைக் கோப்பில் சேர்க்கச் சொல்லுங்கள். இது விதியில் இல்லாத வேலை. ஆனால் முதல்வர் தயங்கிய கோப்புகளை நகர்த்தியது பெரும்பாலும் இந்தத் தாள்தான்.

இதே கட்டம் எதிர்த்திசையிலும் ஏமாற்றும். இத்தாலியின் சிசிலித் தீவில் உள்ள பலெர்மோவில் ஈழத்தமிழர்கள் பல காலமாக வாழ்கிறார்கள். அங்கே பிறந்து, அங்கேயே தொடக்கப் பள்ளி படித்துவிட்டு சிட்னிக்கு வந்த பிள்ளையின் படிவத்தில் வீட்டு மொழி "தமிழ்" என்றிருக்கும். அது உண்மையும்கூட. பெயரைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது, பிகினர்ஸுக்குக் கேள்வியில்லாமல் பச்சைக்கொடி. "அவன் எல்லாம் மறந்திட்டான், சேர்" என்று அப்பா சொல்வார். ஐந்து வருடம் இத்தாலியனில் கணக்கும் வரலாறும் படித்த பிள்ளை அப்படி மறந்துவிடாது. பிகினர்ஸ் வாய்மொழித் தேர்வே சுமார் 5 நிமிடம்தான். குடும்பம், பள்ளி, பொழுதுபோக்கு பற்றிய பேச்சு. 20 மதிப்பெண். அதில் இவன் வாயைத் திறந்த முதல் நிமிடத்திலேயே மற்றவர்களுக்கு இடமில்லை. எந்த மொழியில் பள்ளிப் படிப்பு நடந்தது என்பதைத் தனியாகக் கேட்காத வரை இந்த ஓட்டை அடையாது.

அவனுக்குக் கதவு அடைபடவில்லை என்பதையும் பெற்றோருக்குச் சொல்லிவிடுங்கள். சீனம், ஜப்பானியம், கொரியம், இந்தோனேசியத்தில் கன்டினியூவர்ஸுக்கும் பின்னணித் தடை, அதாவது அந்த மொழியோடு வளர்ந்தவர்களுக்கான தடை, உண்டு. பின்னணி உள்ளவர்களுக்கென மேலே வேறு பாடங்கள் இருக்கின்றன. இத்தாலியனில் அந்த அடுக்கு இல்லை, சுவர் பிகினர்ஸுக்கு மட்டும்தான். ஆகவே பலெர்மோப் பிள்ளை கன்டினியூவர்ஸ் எடுத்து, அதற்கு மேல்நிலையான எக்ஸ்டென்ஷன் பாடத்தையும் சேர்க்கலாம். வகுப்பறையில் மொழியைக் கற்று வந்த பிள்ளைகளுக்கு இது நியாயமா என்றால், இல்லை என்றுதான் சொல்வேன். அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகள் எழுதும் கல்லூரி நிலைத் தேர்வான ஏ.பி. இத்தாலியனில் தேர்வு எல்லாருக்கும் ஒன்றே. வீட்டில் அந்த மொழி புழங்குகிறதா, அந்த நாட்டில் ஒரு மாதமாவது வாழ்ந்ததுண்டா என்று கேட்டு, இல்லை என்றவர்களின் முடிவுகளைத் தனிக் கூட்டமாகவும் வெளியிடுகிறார்கள். மதிப்பெண் மாறாது, ஒப்பிடவாவது வழி இருக்கிறது.

முதல்வர் மறுத்தால் வாய்வார்த்தையோடு திரும்பாதீர்கள். எந்த விதியின் கீழ், எந்தக் காகிதத்தை வைத்து மறுத்தார் என்று எழுத்தில் வாங்குங்கள். அது இல்லாமல் மேலே முறையிட்டால் கோப்பு பள்ளிக்கே திரும்பி வரும், அதற்குள் 11ஆம் வகுப்புப் பாடம் ஓடத் தொடங்கியிருக்கும்.