சத்தம் போடாத ஆச்சி

"நாங்கதான முதல்ல வந்தோம்!" கை ஒடிந்த மகனோடு முக்கூடல் அண்ணாச்சி கத்தினார்.

நேற்று ராத்திரி, திருநெல்வேலியில் ஓர் அவசர சிகிச்சைப் பிரிவு வாசல்.

நர்ஸ் பையனின் நகத்தை அமுக்கிவிட்டார். வெளுத்தது, உடனே சிவந்தது. "ரத்த ஓட்டம் நல்லா இருக்கு. கொஞ்சம் பொறுங்க அண்ணாச்சி. அந்த ஆச்சி சத்தமே போடல, பாத்தீங்களா?"

பீடி சுற்றிக் காய்த்த விரல்கள். முந்தானை முழுக்க வியர்வை. "வாய்வுதான் தாயி" என்றார் ஆச்சி.

ஆச்சி மாதிரி சர்க்கரை உள்ளவர்களுக்கு நெஞ்சுவலி இல்லாமலே மாரடைப்பு வரலாம். சந்தேகம் இருந்தால், வந்த 10 நிமிஷத்துக்குள் ஈசிஜி பார்க்க வேண்டும். நோயாளிகளைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிப்பது ஆபத்தைப் பார்த்துத்தான், வந்த நேரத்தைப் பார்த்து அல்ல. அத்தனை கூட்டத்திலும் அதை நின்று சொன்னாரே, அந்த நர்ஸ் பொண்ணு!

அண்ணாச்சி அப்புறம் பேசவே இல்லை. ஆச்சியின் செருப்பையும் மஞ்சப்பையையும் எடுத்துக்கொண்டு ஸ்ட்ரெச்சர் பின்னாலேயே ஓடினார்.